அடியில் ஒரு உறுமல்

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் பாம்புச்செவி. கீழ்த்தளத்தில் நின்றபடியே, மேலே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதோடு நின்றிருந்தால் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்கு விலை உயர்ந்த ஹெட்போன் பைத்தியம் பிடித்தது. கடைக்காரர்களிடம் இரண்டிரண்டாக இரவல் வாங்கி வந்து, எதன் ஒலி எப்படி என்று ஒப்பிட்டு வீடியோ போடுவார்.

ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் அதற்கென்று ஒரு பாட்டு வைத்திருப்பார்கள். இவர் வைத்திருந்தது மனைவி பாடிய பாட்டு. கல்யாணமான புதிதில், சமையலறையில் அவள் முன்னால் மைக்கை நீட்டி இவரே பதிவு செய்தது. "தெரிஞ்ச குரலா இருந்தாத்தான் ஹெட்போன் பண்ற தில்லுமுல்லு தெரியும்" என்பது அவர் கட்சி. மனைவிக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான், இந்தத் தடவை வரைக்கும்.

இந்தத் தடவை வந்த இரண்டும் கில்லாடிகள். முதல் ஹெட்போன் நல்ல மனசுக்காரன்; யார் பாடினாலும் தேனைத் தடவிக் கொடுத்தது. இரண்டாவதற்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. பாம்புச்செவி கேமராவைப் பார்த்து உற்சாகமாகப் பேசினார்.

"பாடறவங்களுக்கு மூணாவது வரியில சுருதி இறங்குது. நாலாவதுல மூச்சு வாங்குது. முதல் ஹெட்போன் இதையெல்லாம் பூசி மெழுகிடுது. ரெண்டாவது அப்படியே போட்டுக் குடுத்துடுது. அதனால ரெண்டாவதுதான் ஒசத்தி. ஆனா ரெண்டுலயுமே அடியில ஒரு உறுமல் இருக்கு. அதுக்கு ஆளுக்கு ஒரு மார்க் கழிச்சுட்டேன்."

அந்த உறுமல் அவருக்குப் பழைய எதிரி. எந்த ஹெட்போனை மாட்டிச் சோதித்தாலும் வந்து நிற்கும். உலகத்தில் ஒருத்தனுக்கும் ஒழுங்காக ஹெட்போன் செய்யத் தெரியவில்லை என்ற முடிவுக்கு அவர் வந்து வெகுகாலம் ஆகிறது.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்பவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, "மூச்சுக்கு டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். போதாததற்கு அவளுடைய தம்பி அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறு போட்டுவிட்டான்.

அன்றோடு அவள் பாடுவதை நிறுத்தினாள். சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பாடுகிறவள், வாயைத் தைத்துக்கொண்டு வளைய வந்தாள். பலகையில் கத்தி படுகிற சத்தம் மட்டும் கேட்டது. இனி இந்த வீட்டில் பாட்டே கிடையாதோ என்று பயந்துபோன பாம்புச்செவி மைத்துனனுக்கு போன் போட்டார்.

"அத்தான், அந்த வீடியோவ அழிச்சுட்டு, முதல் ஹெட்போன்தான் நல்லதுன்னு சொல்லிடுங்க. வேலை முடிஞ்சுது."

"பொய் சொல்லச் சொல்றியா? சுருதி இறங்கினா இறங்கினதுதானேடா!"

"அப்ப ஆயுசுக்கும் ஃப்ரிட்ஜ் சத்தத்தையே கேட்டுட்டு இருங்க. அதுல சுருதி இறங்காது."

பாம்புச்செவி இரண்டு ஹெட்போன்களையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"நீயே ஒரு தடவை கேட்டுப் பாரேன். நான் சொன்னது தப்புன்னா தப்புன்னு இன்னொரு வீடியோ போடறேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு முதல் ஹெட்போனை மாட்டினாள். முகம் இளகியது. இரண்டாவதை மாட்டினாள். முகம் சுருங்கியது.

"இறங்கத்தான் செய்யுது" என்றாள் கடுப்பாக.

பாட்டைத் திரும்ப ஓடவிட்டாள். அந்த ஹெட்போன் திறந்த முதுகுக்காரன். உள்ளே ஓடுவது வெளியிலும் மெல்லக் கசியும். கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். பாட்டை நிறுத்தினாள். உறுமல் மட்டும் நிற்கவில்லை. எதிரே நின்றவர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்து உறுமிக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"ம்?"

"அந்த உறுமல் நீங்கதான்."

"நானா? நான் வாயே திறக்கலையே!"

"திறக்காமத்தான் உறுமறீங்க! நான் பாடினா ஹால்லேர்ந்து தினமும் வருதே. மைக்கப் பிடிச்சுட்டு நின்னப்பவும் சும்மா இருக்கல நீங்க. நல்லாக் கேளுங்க, மூணாவது வரியில எது முதல்ல இறங்குதுன்னு."

பாம்புச்செவி மாட்டிக் கேட்டார். திரும்பக் கேட்டார். மூன்றாவது வரியில் உறுமல் முதலில் சறுக்கியது. பாவம், அவள் குரல் அதற்குத் துணையாகப் பின்னாலேயே போயிருந்தது. எத்தனை ஹெட்போன்களுக்கு மார்க் கழித்தோம் என்று நினைத்தபோது அவருக்கு வேர்த்துவிட்டது.

"இதையும் வீடியோவுல சொல்லிடறேன். எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுடறேன்" என்றார். "ஆனா நீ பாடாம இருக்காத. வீடு வீடாவே இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஹெட்போனை அவர் தலையிலிருந்து கழற்றி மேடைமேல் வைத்தாள். கிட்டே வந்து, இரண்டு விரலால் அவர் உதடுகளைச் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாட ஆரம்பித்தாள்.

முதல் வரி முடிவதற்குள் அவர் மூக்கு வழியாக அந்த உறுமல் வந்துவிட்டது. அவருக்கு அது தெரியவேயில்லை. அவள் விரலையும் எடுக்கவில்லை, பாட்டையும் நிறுத்தவில்லை.