மூன்றை ஒன்றாக்கியவன்

தம்பி குனிந்து காதைக் கொடுத்தான். அக்காவின் கணினிப் பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று சத்தம். டிஸ்க் ஒன்று சாகக் கிடக்கிறது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. ஊர்ப்பட்ட கம்பெனிகளின் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவன் ஆயிற்றே.

அக்கா பேச்சுப் பயிற்சி மையம் நடத்துகிறாள். நோயால் குரல்வளையையே இழக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே வந்து நூற்றுக்கணக்கான வாக்கியங்களைப் பேசிப் பதிந்துவிட்டுப் போவார்கள். பிறகு அவர்கள் குரலிலேயே பேசும் கருவி ஒன்று தயாராகும். வெளியறையில் மனைவியோடு உட்கார்ந்திருக்கும் பஸ் கண்டக்டருக்குக் குரல்வளையை எடுக்கும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. கருவி இன்னும் ஆகவில்லை. அவருடைய குரல் இப்போது இருப்பது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

போன மாதம் வரை இதில் இரண்டு டிஸ்க், மூன்று பகுதிகள். ஒன்று நிரம்பி வழியும், இன்னொன்று காற்று வாங்கும். "இடமில்லை இடமில்லைன்னு உயிரை வாங்குதுடா" என்று அக்கா புலம்ப, நம்மாள் வந்து எல்லாவற்றையும் தன் டிஸ்கில் இறக்கினான். லினக்ஸில் மூன்று பகுதிகளையும் இணைத்து ஒரே பெரிய டிரைவாக்கி, திரும்ப ஏற்றிக் கொடுத்தான். தன் டிஸ்கில் இருந்ததைக் கையோடு அழித்தும்விட்டான்.

"இனிமே எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். ஒரு டிஸ்க் படுத்தால் மொத்தமும் படுத்துவிடலாம் என்பதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சொன்னால் பெருமை குறைந்துவிடுமே!

இப்போது பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "பயப்படாதக்கா. நீ எதையும் ரெண்டு டிஸ்குலயும் போட்டு வைப்பியே. ஒரு காப்பி கெட்டாலும் இன்னொண்ணு இருக்கும்."

அக்காவின் முகம் வெளுத்தது.

"எல்லாம் ஒண்ணாயிடுச்சுன்னு சொன்னியே. தெறந்து பாத்தா ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா நின்னுச்சு. எதுக்கு வீணா இடத்தை அடைக்கணும்னு ஒண்ணை அழிச்சிட்டேன்டா."

அவன் திட்ட வாயெடுத்தான். யாரைத் திட்டுவது?

வேறொரு டிஸ்கைச் செருகி, வந்தவரை லாபம் என்று ஒவ்வொன்றாக நகல் எடுத்தான். ஒரு டீச்சரின் குரல் வந்தது. ஒரு வக்கீலின் குரல் வந்தது. கண்டக்டரின் முறை வந்ததும் திரை அப்படியே நின்றது. படிக்க முடியவில்லை என்றது. மறுபடி முயன்றான். விட்டு, ஆறவைத்து, மறுபடி. டிக், டிக், அப்புறம் 'கர்' என்று ஓர் உரசல். அதற்குப் பிறகு பெட்டியில் சத்தமே இல்லை.

"டிஸ்கைப் பிரிச்சுப் பதிவை மீட்டு எடுக்கிறவங்ககிட்ட கொடுத்தா?" அக்கா கேட்டாள்.

"கொடுப்போம். ஆனா உள்ளே சுத்துற தட்டுலயே கீறல் விழுந்தாச்சு. வராதுக்கா."

வெளியறையில் சொல்ல அக்கா எழப் போனாள். "நீ இரு" என்று அவனே போனான். இவ்வளவு பயம் அவன் எந்த முதலாளி முன்னாலும் பட்டதில்லை.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. உங்க பதிவு எல்லாம் போயிடுச்சு. தப்பு முழுக்க என்னோடது."

கண்டக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்டக்டர் எழுந்து நின்றார். முகம் சிவக்க, விரலை நீட்டி, நெரிசல் பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்கிற வேகத்தில் அவனைத் திட்டித் தீர்த்தார். அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் வாய் ஓயும் வரை தம்பி தலைகுனிந்தபடி நின்றான்.