காதில் நூல் கட்டிய கப்

ஓவியரின் மேசையில் ஒரே மாதிரி இரண்டு வெள்ளைக் கப்புகள் இருக்கும். ஒன்றில் டீ. இன்னொன்றில் தூரிகை கழுவும் தண்ணீர். "என்னைக்காவது மாத்திக் குடிச்சு வைக்கப் போறீங்க. ஒரு பழைய டப்பாவை வச்சுக்கக் கூடாதா?" என்று கல்யாணமான புதிதிலிருந்தே மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வெள்ளையாக இருந்தால்தான் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று தெரியும் என்பது அவர் கட்சி. பேசிப் பேசி அலுத்துப்போய், கழுவுகிற கப்பின் காதில் அவளே ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டாள். நூல் இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் டீ. மகள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

பிழைப்புக்குப் பாடப்புத்தகப் படங்கள் வரைந்தார். இலையின் பாகங்கள், பல்லின் வேர், தவளையின் வயிறு என்று மத்தியானம் முழுக்க அதே வேலை. காலை இரண்டு மணி நேரம் மட்டும் அவருக்குச் சொந்தம். மனைவி கூரியர் ஆபீசுக்குக் கிளம்பியதும் மூன்று வயது மகளுக்குத் தரையில் காகிதமும் கிரேயானும் போட்டுக் கொடுத்துவிட்டு, கண்ணில் பட்டதை வரைய உட்கார்ந்துவிடுவார். செருப்பு, குடை, சுவிட்ச் போர்டு எதுவும் தப்பாது. அலமாரி கொள்ளாத அளவுக்குப் படங்கள் சேர்ந்திருந்தன. எல்லாம் சுமார்தான் என்பது வேறு யாரும் சொல்லாமல் அவருக்கே தெரியும்.

அன்றைக்குக் குழாயடியில் இருந்த பச்சை பிளாஸ்டிக் வாளி. காலை வெயில் ஜன்னல் வழியாக நேராக அதன் தண்ணீருக்குள் இறங்கி, வாளிக்குள் விளக்கேற்றி வைத்த மாதிரி இருந்தது. இதற்காகவே புதிதாக ஒரு பச்சை டியூப் வாங்கி வைத்திருந்தார். "சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடா சார்? இது கொஞ்சம் பொல்லாத சரக்கு. வாய்க்குப் போகாம பாத்துக்கங்க" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். இவரும் தலையை ஆட்டித்தான் வாங்கினார்.

வெயில் நகர்ந்துவிடுமே என்று கை பறந்தது. நடுநடுவே டீயை எடுத்து இரண்டு மூன்று மடக்குக் குடித்தார். ஆறிப் பச்சைத்தண்ணியாகிவிட்டது, சர்க்கரையும் போட மறந்துவிட்டோம் என்று எங்கோ தூரத்தில் ஒரு நினைப்பு வந்து போனது. கை நிற்கவில்லை.

தூரிகையைக் கழுவக் கையை நீட்டியபோதுதான் பார்த்தார். கழுவுகிற கப் பாதி காலியாக இருந்தது. அதன் காதில் நூல் இல்லை.

நூல், தரையில் உட்கார்ந்திருந்த மகளின் கையில் இருந்தது. பொம்மையின் கழுத்தில் அதைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கவுனின் முன்பக்கமெல்லாம் பச்சைச் சொட்டுகள்.

தூரிகையைப் போட்டுவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டார்.

"பாப்பா, அந்தத் தண்ணியக் குடிச்சியாடா?"

"ம்."

"நிஜமா குடிச்சியா? எவ்ளோ குடிச்ச?"

"நெறைய" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

அப்புறம் அவர் செய்த காரியங்கள் எதிலும் மூளை கலந்துகொள்ளவில்லை. குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய், வாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவள் வீறிட்டு அழுதாள். டியூபைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தினோமா இல்லையா என்றுகூடப் பார்க்காமல், தெருமுனை கிளினிக்குக்கு ஓடினார். ஓட்டத்தில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. ஏன் நிறுத்திவிட்டது என்று அதற்கும் பயந்தார்.

டாக்டரம்மா டியூபில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். குழந்தையின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார்.

"நாக்குல கலரே இல்லையே."

"நான் கழுவிட்டேன் டாக்டர்."

"கழுவிட்டீங்களா? சரிதான். எவ்வளவு குடிச்சிருப்பா?"

"தெரியல."

"எப்பக் குடிச்சா?"

"தெரியல டாக்டர்."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்" என்றார். "கை நீட்டினா தொடுற தூரத்துல."

டாக்டரம்மா குழந்தையிடம் குனிந்தார். "கண்ணு, நீ யானையைக் குடிச்சியா?"

"ம், குடிச்சேன்."

"பாத்தீங்களா? இந்த வயசுல எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லும். குடிச்சிருந்தாலும் கழுவின தண்ணிதான், பெருசா பண்ணாதுன்னு நினைக்கிறேன். எதுக்கும் ரெண்டு மணி நேரம் இங்கேயே இருங்க. வாந்தி வந்தாலோ, துவண்டு போனாலோ உடனே கூப்பிடுங்க."

அந்த இரண்டு மணி நேரம் அவருக்கு இரண்டு யுகம். குழந்தை கொட்டாவி விட்டால் டாக்டரைக் கூப்பிட எழுந்தார். தோளில் சாய்ந்தால் எழுப்பி உட்கார வைத்தார். போன் போட்டதும் மனைவி ஆபீசிலிருந்து அப்படியே ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் கத்துவாள், நாலு வார்த்தை கேட்பாள், கேட்கட்டும் என்று காத்திருந்தார். அவள் கேட்கவே இல்லை. டாக்டரம்மா ஏற்கெனவே கேட்டுவிட்ட கேள்வி அவர்கள் இருவருக்கும் நடுவில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பசிக்குது என்று அடம்பிடிக்க ஆரம்பித்ததும் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, மேசையைத் துடைக்கப் போன மனைவி அங்கிருந்தே கேட்டாள்.

"ஏங்க, டீயை நீங்க குடிக்கவே இல்லையா?"

"குடிச்சேனே. சர்க்கரை இல்லாம, ஆறிப்போய்..."

அவள் கப்பை எடுத்துவந்து காட்டினாள். டீ விளிம்பு வரை இருந்தது. மேலே படிந்த ஆடைகூடக் கலையவில்லை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வாயைத் திறங்க" என்றாள். திறந்தார். நாக்கு முழுக்கப் பச்சை. உதட்டோரத்திலும் பச்சை. அதைக் கிளினிக்கில் எல்லோரும் பார்த்திருப்பார்கள், ஆனால் ஓவியர் முகத்தில் சாயம் இருப்பதில் யாருக்கு என்ன அதிசயம்? குழந்தை ஓடிவந்து, "அப்பா நாக்கு! அப்பா நாக்கு!" என்று குதித்தாள். மனைவி சிரிக்க ஆரம்பித்துக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்தபடியே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, இவருக்கு என்ன செய்வது என்று கேட்டாள். "வாந்தி வந்தா மட்டும் கூட்டிட்டு வாங்க" என்று பதில் வந்தது.

ஓவியருக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. அரை கப் சாயத்தைக் குடித்தவனுக்குத் தான் குடித்ததே தெரியவில்லை. மகள் குடித்திருந்தால் தெரிந்திருக்குமா? அவள் ஜன்னல் மேல் ஏறியிருந்தால்? கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போயிருந்தால்? இந்தப் பயம் கிளினிக் பெஞ்சில் பட்ட பயத்தைவிடப் பெரிதாக இருந்தது, இரண்டு மணி நேரத்தில் தீர்கிற பயமாகவும் இல்லை.

மனைவி மேசைமேல் இருந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

"என்னங்க இது... நீங்க வரைஞ்சதுலயே இது மாதிரி வந்ததில்லையே."

அவரும் பார்த்தார். உண்மைதான். வாளிக்குள் வெயில் நின்றது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வராத கை இன்றைக்கு வந்திருந்தது. எந்த நேரத்தில் வந்தது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

தாளை அவள் கையிலிருந்து வாங்கி அலமாரியில் குப்புற வைத்தார். பொம்மையின் கழுத்திலிருந்த நூலை அவிழ்த்தார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை, நீ வீட்ல இருக்கும்போது இந்த மாதிரி வரையறேன்" என்றார்.

"மத்த நாளு?"

நூலைக் கப்பின் காதில் இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டினார்.

"மத்த நாளு சுமாரா வரையறேன்."