செத்தபின் சொன்ன வாக்குமூலம்

பழவேற்காட்டு ஜெரோம் பேட்டரி ஆசிட் குடித்துச் செத்த மறுநாள் காலை, பிரேதப் பரிசோதனை மேசையில் படுத்தபடியே, தன் மனைவியை ஸ்டேஷனிலிருந்து விடச் சொல்லுமாறு டாக்டர் ஹேமாவதியிடம் கேட்டார். கையுறையை மாட்டிக்கொண்டே டாக்டர் அவரை அசையாமல் படுக்கச் சொன்னார். ஏரிக்கரையில் செத்தவர்கள் இப்படிக் குறுக்கே பேசுவது அந்த வருஷம் கொஞ்சம் அதிகம்தான். மழை சரியில்லை என்றார்கள்.

நடந்தது இதுதான். படகில் எஞ்சின் பேட்டரிக்கான ஆசிட் பாட்டிலின் கழுத்தில் மஞ்சள் நைலான் கயிறு கட்டுவது எங்கள் வழக்கம். தொடாதே என்று அர்த்தம். அன்று ஏரியில் வலை கட்ட ஜெரோமின் முறை. நல்ல இறால் விழட்டும் என்று மனைவி சூசையம்மாள், மாதா கோயிலில் ஜெபித்து வாங்கிய மஞ்சள் நூல்கயிற்றைக் குடிதண்ணீர் பாட்டிலில் கட்டி அனுப்பிவிட்டாள். விடியற்கருக்கலில், தாகத்தில், மனிதர் தப்பான மஞ்சளை எடுத்துவிட்டார். "கயிறு கட்டி அனுப்புனதே நான்தான்" என்று அவள் அழுததை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் கொலை வழக்கு என்று அவளை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்.

சாகும்போது சொன்னால்தான் மரண வாக்குமூலம், செத்தபின் சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று இன்ஸ்பெக்டர் ஜெரோமிடம் வருத்தத்தோடு சொன்னார். ஆகவே டாக்டர் உடம்பைப் பேச வைத்தார். உதட்டோரத்திலிருந்து தாடை வரை ஒழுகிய பழுப்புக் கோடும், கருகிய இரைப்பையும் ஆசிட் என்றன. வெந்துபோன வலது உள்ளங்கையில் நைலான் முறுக்கும் வலைக்காரர் முடிச்சும் அப்படியே பதிந்திருந்தன. அவர் எடுத்தது அவரே கட்டிவைத்த பாட்டில். சூசையம்மாளின் பாட்டில் படகில் தளும்பத் தளும்ப நல்ல தண்ணீரோடு கிடந்தது. சோதனைக்கு அனுப்பும் இரைப்பையைக் கெடாமலிருக்க உப்புத் தண்ணீரில் போடுவார்கள் என்று கருவாட்டு ஊர்க்காரரான ஜெரோம் நிம்மதியாக இருந்தார். ஆசிட் கேஸுக்கு உப்பு ஆகாது, ஸ்பிரிட்தான், அதாவது சுத்தச் சாராயம்தான் என்றதும் பதறிவிட்டார். "ஐயோ டாக்டரம்மா, குடிக்க மாட்டேன்னு அவ தலைல அடிச்சி சத்தியம் பண்ணிருக்கேன்!" ஜாடிக்குள் இருப்பது குடித்த கணக்கில் சேராது என்று டாக்டர் சமாதானம் சொன்னார்.

மத்தியானம் சூசையம்மாளை விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தையல் போட்ட வயிற்றோடு நின்றவரைப் பார்த்ததும், "வாய்ல வெக்கறதுக்கு முன்ன மோந்து பாத்தா இன்னாயா?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். ஊருக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் அவர் கையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது, அவள் விடவில்லை.

"செத்தவரே, கொஞ்சம் தள்ளி உக்காருபா, இன்னும் ரெண்டு பேர் ஏறணும்," என்றார் டிரைவர். ஜெரோம் தள்ளி உட்கார்ந்தார்.