கோட்டுப் பையில் ஒரு தோட்டா

விழுந்தது ஒரே ஒரு தோட்டா. துப்பாக்கி எங்கள் வீட்டில், பூட்டிய அலமாரியில் இருந்தது. அந்த ஒற்றைத் தோட்டாவுக்காக என் மகள் டெலாவை ஒரு வருஷம் பள்ளியை விட்டே துரத்தக் கிளம்பினார்கள்.

எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் மான் வேட்டை தொடங்கினால் பள்ளிக்கே விடுமுறை விடுவார்கள். அந்தத் திங்கட்கிழமை முழுக்க டெலா காட்டில் இருந்தாள். மறுநாள் காலை பனி கொட்டித் தீர்த்தது. வேட்டைக்குப் போட்ட ஆரஞ்சுக் கோட்டையே மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு நல்ல குளிர் கோட்டு என்று இருப்பதே அது ஒன்றுதான். சாப்பாட்டுக் கூடத்தில் கோட்டுப் பையிலிருந்து கையுறையை உருவியபோது, கூடவே வந்த தோட்டா தரையில் விழுந்து உருண்டது. யாரோ அலற, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வந்தது. யாரோ சுட வந்துவிட்டதுபோல் கதவுகளைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகளை மூலையில் பதுங்க வைத்தார்கள். போலீஸ் வந்து, என் பெண்ணைக் கையைத் தூக்கச் சொல்லி நடத்திக்கொண்டு போனது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! நேரே தலைமை ஆசிரியர் கேல்வின் அறைக்குள் போய் நின்றேன். கேல்வினும் நானும் இதே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"ஏன்டா கேல்வின், படிக்கிற காலத்துல வண்டியோட பின்கண்ணாடியில ரைஃபிளை மாட்டிக்கிட்டு வந்து இதே வாசல்லதானே நிறுத்துவ? கணக்கு வாத்தியார் வெளிய வந்து, 'நல்ல சாமான்டா, எங்க வாங்குனே'ன்னு தடவிப் பாத்துட்டுப் போனாரே, மறந்துபோச்சா?"

"மறக்கல ரோண்டா. அப்ப யாரும் பள்ளிக்கூடத்துக்குள்ள வந்து புள்ளைங்களச் சுடுவாங்கன்னு நாம கனவுல கூட நெனைக்கல."

"என் பொண்ணு யாரையும் சுடலையே!"

"அது எனக்குத் தெரியும். விதிமுறைக்குத் தெரியாதே."

இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது? கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் பள்ளிக் குழு கூடியது. தலைவி ஆஸ்ட்ராண்டர் அம்மாள் தேன் தடவிய குரலில் ஒரு வழி சொன்னார். பள்ளியை மிரட்டியதாக டெலா எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டால், பனிக்காலம் முடிந்ததும் திரும்பி வரலாம். கடைசி வருஷப் படிப்பை முடித்துத் தோழிகளோடு பட்டம் வாங்கலாம். இல்லையென்றால் ஒரு வருஷம் வெளியே.

"சொல்லித் தொலைடி, வெறும் வாய்வார்த்தைதானே" என்று நான் அவள் காதைக் கடித்தேன்.

அவள் எழுந்தாள். "பையைத் துழாவிப் பாக்காம வந்தது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனை வேணா குடுங்க. ஆனா மிரட்டினேன்னு செத்தாலும் சொல்ல மாட்டேன்."

சபாஷ் என்று கத்த வாயெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீயும் 'எங்க காலத்துல, எங்க காலத்துல'ன்னு பேசுறத நிறுத்து. மேசைக்கடியில ஒளிஞ்சு மூச்சை அடக்கிப் பழகியிருக்கியா நீ? நான் எழுத்துக் கத்துக்கறதுக்கு முன்னாடியே பழகிட்டேன். அன்னிக்கு ஒன்பதாவது படிக்கிற வெஸ்லி இருட்டுல உக்காந்துக்கிட்டு, 'உம்மேல உசுரையே வச்சிருக்கேம்மா'ன்னு அவங்க அம்மாவுக்குப் போன்ல அனுப்பியிருக்கான். அவன்கிட்டப் போய் நான் மன்னிப்புக் கேக்கணும். அதுக்கு மட்டும் விடுங்க."

ஊர்க்காரர்கள் முன்னால் என் மூக்கை உடைத்துவிட்டாளே என்று கோபம். அவள் சொன்னது நிஜம் என்பதால் இன்னும் கோபம்.

குழு அவளை வெஸ்லியிடம் விடவில்லை. எல்லாக் கைகளும் எதிராகவே உயர்ந்தன. ஒரு வருஷம் பள்ளி எல்லைக்குள் அவள் கால் வைக்கக் கூடாது.

வண்டியில் ஏறியதும், "எல்லைக்குள்ளதானே வைக்கக் கூடாது?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை, பள்ளி வேலிக்கு வெளியே பேருந்துகள் திரும்பும் சாலையோரம் போய் நின்றாள். தனியாக விடுவேனா? நானும் பக்கத்தில் நின்றேன். பல் கிட்டித்துப்போகும் குளிர். கேல்வின் மேல்கோட்டைக்கூடப் போடாமல் ஓடி வந்தான்.

"ரோண்டா, கெளம்புங்க. வம்பு வேணாம்."

"ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? போய் வேலையைப் பாருடா."

சண்டை முற்றியிருக்கும். அதற்குள் பேருந்திலிருந்து இறங்கிய ஒல்லிப் பையன் ஒருவன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"வெஸ்லி" என்று டெலா கூப்பிட்டாள். "என் கவனக்குறைவாலதான் நீ அப்படி பயந்துபோனே. என்னை மன்னிச்சிடுடா."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்தத் தோட்டா எங்களுக்குன்னு கொண்டுவந்ததா?"

ஒரு தோட்டாவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான். இந்தக் கேள்வியோடு ஒரு குழந்தை இத்தனை நாள் தூங்கி எழுந்திருக்கிறது.

"இல்லடா கண்ணா. மானுக்கு வச்சிருந்தது. உங்க யாருக்கும் இல்ல. சத்தியமா இல்ல."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போனான். கேல்வின் குளிரில் நடுங்கிக்கொண்டு அங்கேயே நின்றான்.

"சார்," என்றாள் டெலா, "அவன் ஒருத்தன் கேட்டுட்டான். கேக்காம மனசுக்குள்ளயே வச்சிருக்கிறவங்க உள்ள நெறைய பேர் இருக்காங்க. நாளைக்கும் வருவேன்."

"குழுவில போலீஸைக் கூப்பிடச் சொல்வாங்க" என்றான் கேல்வின்.

"கூப்பிடு" என்றேன் நான். "ரெண்டு பேரு நிப்போம்னு சேத்துச் சொல்லு."