மூன்றாம் நம்பர் மிஷின்

காரைத் தாங்களே கழுவிக்கொள்ள வருகிறவர்களுக்கான இடம் அது. நான்கு மேடை, மேடைக்கு ஒரு மிஷின். காசைப் போட்டால் தண்ணீர் பீய்ச்சும். கண்ணாடி அறையில் உட்கார்ந்து சில்லறை மாற்றித் தருவது முதலாளியம்மா. அவளுடைய கணவர் மெக்கானிக். எந்நேரமும் ஏதாவதொரு மிஷினுக்குப் பின்னால் தலையைக் கொடுத்துக்கொண்டு கிடப்பார்.

மூன்றாம் நம்பர் மிஷின் அவரே செய்தது. உடைந்து கிடந்த பம்பைப் பிரித்து, மோட்டாரை மாற்றி, எட்டு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்தார். அதில் தண்ணீர் அடித்தால் சக்கரத்துச் சேறு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகும். ஆனால் பெட்டி முழுக்கத் துரு, குழாயில் நாலு இடத்தில் டேப். இரண்டு மேடை தள்ளி ஒன்றாம் நம்பர் மாப்பிள்ளை மாதிரி பளபளத்துக்கொண்டு நின்றது. அது துப்பும் தண்ணீர் ஒரு பூச்செடிக்குக்கூடப் போதாது. இருந்தாலும் ஜனங்கள் வரிசை கட்டியதெல்லாம் அதற்குத்தான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள மூணாம் நம்பர்ல நாலு காராவது நிக்கலேன்னா, பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிடுவேன்" என்றாள் மனைவி.

மெக்கானிக் இரவெல்லாம் யோசித்து, காலையில் ஓர் அட்டையில் எழுதி மூன்றாம் நம்பரில் தொங்கவிட்டார்: 'இந்த மிஷின் நன்றாக வேலை செய்யும்.'

முதலில் வந்தவர் அட்டையைப் படித்தார். "எழுதி வேற வச்சிருக்காங்களா? அப்போ இதுல என்னமோ கோளாறு இருக்கு" என்று காரில் கூட வந்த தன் மனைவியிடம் சொல்லிவிட்டு, காரைப் பின்னுக்கு எடுத்து ஒன்றாம் நம்பர் வரிசையில் போய் நின்றார். அன்று முழுக்க மூன்றாம் நம்பர் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"பெயிண்ட் அடிச்சிடலாங்க" என்றாள் மனைவி.

"உள்ள சரக்கு இருக்கு. மேல எதுக்குப் பூச்சு? அது ஏமாத்து வேலை."

"இல்லாததை இருக்குன்னு காட்டினாத்தான் ஏமாத்து. நீங்க இருக்கிறதையே மறைச்சு வச்சிருக்கீங்க. எட்டு மாசம் நீங்க பட்ட பாடு யார் கண்ணுலயும் படலேன்னு எனக்கு எவ்வளவு எரியுது தெரியுமா?"

தனக்காக அவள் மனசு எரியும் என்று மெக்கானிக் நினைத்ததே இல்லை.

சனிக்கிழமை அவளே உப்புத்தாளை எடுத்துத் துருவைத் தேய்க்க ஆரம்பித்தாள். கண்ட இடத்தில் கன்னாபின்னாவென்று தேய்த்ததைப் பார்க்கப் பொறுக்காமல் அவரும் வந்து உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் பெட்டி நீலமானது. புதுக் குழாய் மாட்டினார்கள்.

ஞாயிறு காலை, எப்போதும் ஒன்றாம் நம்பருக்கே வரும் டாக்ஸிக்காரர் நேராக மூன்றாம் நம்பரில் வந்து நின்றார். தண்ணீரைத் திறந்தவர் அது அடித்த வேகத்தில் ஓரடி பின்னுக்குப் போனார். பாதிக் காரிலேயே நிறுத்திவிட்டு அவர்களிடம் வந்தார்.

"அந்த ஓட்டை மிஷினைத் தூக்கிட்டு நல்ல காரியம் பண்ணீங்கம்மா. இது எந்தக் கம்பெனி?"

"அதே மிஷின்தாங்க. இவர் கையால செஞ்சது."

டாக்ஸிக்காரர் மெக்கானிக்கை மேலும் கீழும் பார்த்தார். எண்ணெய்க் கறைச் சட்டை, அதில் கிழிந்த பை, காலில் வார் அறுந்த செருப்பு, மீசையில் நீலப் பெயிண்ட்.

"இவரா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி அவளிடம், "கம்பெனி ஆளுங்க யாராவது வந்து ரிப்பேர் பாத்திருப்பாங்க, நல்லா கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மிச்சக் காரைக் கழுவப் போனார்.

மெக்கானிக்குக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனம் நிறைந்து கிடந்தது. மத்தியானத்துக்குள் மூன்றாம் நம்பரில் ஆறு கார் கழுவியாகிவிட்டது, இன்னும் மூன்று காத்து நின்றன.

"ஏம்மா, பெயிண்ட் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. எந்த மிஷினுக்கு?"

"எனக்குத்தான்."