வெள்ளைக் கோடு போட்ட போல்ட்டுகள்

1

இது நான் கற்பனை செய்த கதையில்லை. ஜேர்மனியின் ஹம்பேர்க்கில், தை மாதக் குளிரில் கால் விறைத்து நின்றபடி, சிறீதரன் அண்ணையின் கராஜில் அவர் வாயிலிருந்து பிடுங்கியது. கேட்டு முடித்த கையோடு "இதை எழுதட்டா அண்ணை?" என்று கேட்ட என்னை நீங்கள் தாராளமாகத் திட்டலாம்.

2

முதல் தொடக்கம்: 'பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரும்பு இதயம்...'

சீ! எஞ்சினை இதயம் என்று எழுதுகிற கையை முறிக்க வேண்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

சிறீதரனும் உருத்திரமூர்த்தியும் சிநேகிதர்கள். உருத்திரமூர்த்தியின் பழைய காருக்குச் சனிக்கிழமைகளில் இருவருமாக எஞ்சினைக் கழற்றிப் பூட்டினார்கள். எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் ஒரு போல்ட்டை இறுக்கி முடித்ததும் அதில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் கோடு போடுவது அவர்கள் வழக்கம். ஒரு சனிக்கிழமை, பேனா குளிரில் உறைந்துவிடும் என்று உருத்திரமூர்த்தி எல்லாவற்றிலும் இறுக்குமுன்பே கோட்டைப் போட்டுவிட்டார். சிறீதரன் தேத்தண்ணி எடுக்க வீட்டுக்குள் போய்த் திரும்பியபோது, சிநேகிதர் ஸ்பானரோடு நிலத்தில் கிடந்தார். மாரடைப்பு.

எது இறுக்கியது, எது இறுக்காதது? அவருக்கு மட்டும்தான் தெரியும்.

(இறுக்கிப் பார்த்தால் தெரியாதா என்று நானும் கேட்டேன். "இறுக்கினதைத் திரும்ப இறுக்கினா முறிஞ்சுபோம் தம்பி. எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடவேணும். அதுதான் முறை.")

3

உருத்திரமூர்த்தியின் மனைவி செல்லம். அவரை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். சுத்தப் பொய். செல்லமக்கா வந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தாராம்.

"எனக்கு வேலைக்குப் போகக் கார் வேணும் அண்ணை. ஆனா அவர் இறுக்கினதைக் கழட்டாதேங்கோ."

இரண்டும் சேர்ந்து நடக்காது என்று சொல்லச் சிறீதரனுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வந்திராது. பாவம் மனுசன், எஞ்சினைப் போர்வையால் மூடிவைத்திருக்கிறார்.

4

முடிவு ஒன்று: கழற்றுகிறார். கார் ஓடுகிறது. செல்லமக்கா அவரோடு பேசுவதில்லை.

முடிவு இரண்டு: கழற்றாமல் ஸ்டார்ட் பண்ணுகிறார். எஞ்சின் நாசம்.

முடிவு மூன்று: செல்லமக்காவே ஸ்பானரை எடுத்து... வேண்டாம், இது சினிமா.

மூன்றையும் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். கைகளை உரசிக்கொண்டார்.

"எப்பிடியும் முடியுங்கோ தம்பி. ஆனா கதையிலயாவது அவனை எல்லாத்தையும் இறுக்கி முடிக்க விடுங்கோ."

5

எழுத உட்கார்ந்தேன். உருத்திரமூர்த்தி குனிந்து, கடைசி போல்ட்டில் ஸ்பானரை வைத்து

எனக்கு அழுகை வருகிறது. இந்த வாக்கியத்தை முடித்தால் அவர் போய்விடுவார். நீங்கள் முடியுங்கள். அவசரமில்லை.