ஏழு விநாடி காத்திரு

இருபத்தெட்டு வருடமாக ப்ரோகிராம் எழுதிப் பிழைக்கிற ஒரு மனிதர், மருமகளிடம் நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்டார். அதில் ஒன்றும் தப்பில்லை. அதற்காக அவர் வாயைத் திறந்ததுதான் தப்பு.

மருமகளுக்கும் அதே தொழில். கல்யாணமாகி நாலு மாதம். மகனுக்குக் கப்பலில் வேலை. மூன்றாவது வாரமே கிளம்பிப் போய்விட்டான். ஆக, சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மாமனார், மாமியார், இவள் மூன்று பேர்தான். மாமியார் பரிமாறுவார், மாமனார் பேசுவார், மருமகள் "ஆமா மாமா" என்பாள். அந்த ஆமாவைக் கேட்கவே அவர் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிடுவார். அலுவலகத்தில் அது கிடைக்காது. அங்கே அவருக்கு 'வாத்தியார்' என்று பட்டப்பெயர். மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். தான் அறைக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போன் வருகிறதே என்று யோசித்தபோதுதான் லேசாகச் சந்தேகம் தட்டியது.

ஃபிரேம்வொர்க் என்ற பேச்சை எடுத்தாலே அவருக்கு ஆகாது. நாம் ப்ரோகிராம் எழுத உட்காருவதற்கு முன்பே யாரோ கட்டி வைத்துவிட்ட எலும்புக்கூடு அது. சதையை மட்டும் நாம் வைத்தால் போதும் என்பார்கள். அலமாரி கேட்டவன் தலையில் மூன்று மாடி வீட்டைக் கட்டிவிட்டு, உள்ளே எங்கேயோ அலமாரி இருக்கிறது, தேடிக்கொள் என்கிற சமாச்சாரம் என்பது அவர் கட்சி. இரண்டு வருடத்துக்கு ஒன்று புதிதாக வரும். வந்ததும் கரித்துக்கொட்டுவார். ஒரு வருடம் போனதும், வேறு வழியில்லாமல், யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொள்வார். அடுத்தது வந்ததும் பழையதற்காகத் தொண்டை கிழிய வாதாடுவார். இப்படிப் பதினோரு ஃபிரேம்வொர்க்கைத் திட்டி, பதினொன்றுக்கும் வக்காலத்து வாங்கியிருக்கிறார். நடுவில் தானே ஒன்றை எழுதவும் செய்தார். உலகத்தில் அதை உபயோகித்தது ஒரே ஒரு ஆள். அவரும் பாதியில் விட்டுவிட்டார்.

இந்த வரலாற்றையெல்லாம் மருமகளிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னதெல்லாம் உபதேசம். பெயர்களைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். அவசரத்துக்கு ஒட்டுப்போடக் கூடாது. ப்ரோகிராமுக்கு நடுவே அடுத்த ஆளுக்காக எழுதி வைக்கும் குறிப்பு, என்ன செய்கிறோம் என்று சொன்னால் போதாது, ஏன் செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். "காரணம் எழுதாதவன் ப்ரோகிராம் எழுதவே லாயக்கில்லாதவன்" என்று ஒரு நாள் மேசையைத் தட்டியே சொன்னார். தண்ணீர்த் தம்ளர் ஒருமுறை குதித்து அடங்கியது.

வினை ஒரு திங்கட்கிழமை வந்தது. மருமகளின் கம்பெனிக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பழைய ப்ரோகிராமைப் புதுப்பிக்கும் வேலை கிடைத்திருந்தது. ரத்தம் எடுக்க வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, குப்பியில் ஒட்டச் சீட்டு அச்சடிக்கிற ப்ரோகிராம். நாலைந்து கம்பெனி கை மாறி வந்ததில், எழுதியவன் யார் என்றே தெரியவில்லை என்றாள். ஆனால் ஆள் பெரிய ரசிகனாம். உள்ளே வரும் ஒவ்வொரு விவரத்தையும் நிறுத்தி வைத்துக் குற்றம் கண்டுபிடிக்கிற பகுதிக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருக்கிறானாம்.

அவர் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தார். எந்தப் புண்ணியவானோ, பாவம், என்ன கஷ்டப்பட்டானோ என்றார்.

நம்மவர் மட்டும் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன், மனைவியின் அம்மா ஒரு மாதம் வந்து தங்கியிருந்தபோது அவர் எழுதிய ப்ரோகிராம் அது.

அதோடு போயிருந்தால் கமுக்கமாக இருந்திருப்பார். மருமகள் மேலே சொன்னாள். ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவே, 'ஏழு விநாடி காத்திரு' என்று ஒரு வரி. பக்கத்தில் குறிப்பு: 'தொடாதே.' ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. காலையில் இருநூறு பேர் வரிசையில் நிற்கிற இடத்தில் இது என்ன அநியாயம், புது ஃபிரேம்வொர்க்கில் மாற்றி எழுதும்போது இதைத் தூக்கிவிடப் போகிறேன், அடுத்த திங்கட்கிழமை புதுசு ஓட ஆரம்பித்துவிடும் என்றாள்.

அவர் அந்த வரியைக் காரணமில்லாமல் போட்டிருக்க மாட்டார். ஏதோ தப்பாகப் போய், அதைத் தடுக்கத்தான் போட்டிருக்க வேண்டும். அந்த ஏதோ என்ன என்பதுதான் சுத்தமாக மறந்துவிட்டது. ஒருவர் ரத்தத்தில் இன்னொருவர் பெயர் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ப்ரோகிராம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை பொதுவாகச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தார்: பழைய ப்ரோகிராமில் விநோதமாக ஒரு வரி இருந்தால், அதற்குக் காரணம் இருக்கும், அவசரப்பட்டு எடுக்கக் கூடாது.

"காரணம் இருந்தா எழுதியிருப்பாங்கல்ல மாமா? காரணம் எழுதாதவன் லாயக்கில்லாதவன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் மருமகள், மிகுந்த மரியாதையோடு.

புதனும் வியாழனும் அவர் பேசாமல் சாப்பிட்டார். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் கௌரவம் மிஞ்சும்; ஆனால் யாரோ ஒருவருக்கு வேறு யாருடைய நோயோ எழுதி வரலாம், பழி இந்தப் பெண்ணின் தலையில் விழும். இதைத் தராசில் வைத்துப் பார்க்க இரண்டு நாள் ஆனதே என்று அவருக்கே பின்னால் வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"அதை எழுதினது நான்தாம்மா."

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்.

"எங்க அம்மாவையா அப்படி எழுதினீங்க?"

அந்த வழக்கு தனியாக மூன்று வாரம் நடந்தது. அதை விடுங்கள். மருமகள் கேட்டது ஒன்றுதான்: "எதுக்கு மாமா ஏழு விநாடி?"

அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது, வெள்ளைக் கோட்டு போட்ட யாரோ முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். இவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது என்றார். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. நாளைக்குக் காலையில் நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை பரிசோதனைக் கூடத்தில் நல்ல கூட்டம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ரத்தம் எடுக்கிற அம்மாள் பதினேழு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவர். கையுறையைக் கழற்றாமலே பேசினார். அந்த ஏழு விநாடியை எடுக்கப் போகிறோம் என்று மருமகள் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அதை மட்டும் எடுத்துடாதீங்க. அந்த ஏழு விநாடியும் மெஷின் எதுவும் செய்ய விடாது. சும்மா உக்காந்திருக்க முடியுமா? எதிர்ல இருக்கிறவங்க முகத்தைப் பார்த்து, உங்க பேரு என்ன, பிறந்த தேதி என்னன்னு மறுபடி கேப்போம். ஒரே பேர்ல ரெண்டு பேர் வருவாங்க. கூப்பிட்டது சரியாக் காதுல விழாம வேற ஆள் எழுந்து வந்துடுவாங்க. எத்தனை தடவை அதுலதான் பிடிச்சிருக்கோம். புதுசா வர்றவங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுக்கறேன்."

அப்படியானால், பெயரைச் சரிபார்த்தேன் என்று அழுத்த ஒரு பொத்தான் வைத்துவிடட்டுமா, காத்திருக்க வேண்டியதில்லையே என்றாள் மருமகள். பொத்தான் வைத்தால் பார்க்காமலேயே அமுக்கிவிடுவோம் என்று அந்த அம்மாள் பட்டென்று சொன்னார். பிறகு, இதை எழுதியவர் எங்களை மாதிரி ஆட்களை நன்றாகப் புரிந்துகொண்டு, ரொம்ப யோசித்து எழுதியிருக்கிறார் என்றார்.

மருமகள் மெல்லத் திரும்பி மாமனாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நாலு மாத மரியாதை மொத்தமும், வட்டியோடு, திரும்பி வந்துகொண்டிருந்தது.

"இதுக்காகத்தான் வெச்சீங்களா மாமா?"

அந்த நேரம் பார்த்துத்தானா மேசை மேல் இருந்த அச்சு இயந்திரம் 'கிறீச்' என்று ஒரு சீட்டைத் துப்ப வேண்டும்? சத்தத்தைக் கேட்டதும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு இருந்த இயந்திரம் ஓட்டை. அவசரப்படுத்தினால் முந்தின ஆளின் பெயரையே மறுபடி அடித்துவிடும். ஏன் என்று கண்டுபிடிக்க அவருக்குப் பொறுமையில்லை. ஐந்து விநாடி வைத்துப் பார்த்தார், சிலசமயம் தவறியது. ஆறு வைத்தார், தவறவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று சேர்த்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் காரணம் எழுதவில்லை.

ஒரு ஆமா போதும். யாரும் எதிர்த்துச் சாட்சி சொல்லப் போவதில்லை. அந்த அம்மாள் கைகூப்பினாலும் கூப்பிவிடுவார். நாக்கு நுனி வரைக்கும் வந்த ஆமாவை அவர் விழுங்கினார். அவ்வளவு கசப்பான ஒன்றை அவர் விழுங்கியதே இல்லை.

"இல்லம்மா. மெஷின் ரிப்பேர். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. யோசிச்சதெல்லாம் இவங்கதான்."

ரத்தம் எடுக்கிற அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். வெளியே, காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். இனி வீட்டில் வாயே திறக்கக் கூடாது என்று அவர் தீர்மானம் செய்துகொண்டிருந்தார். அவள் மடிக்கணினியை எடுத்து, திறக்காமல், மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"மாமா, புதுசா எழுதினதுல நானும் ஒரு வரி போட்டிருக்கேன். எடுத்தா எல்லாம் நின்னுடுது. ஏன்னு எனக்குத் தெரியல. மூணு வாரமா உங்ககிட்ட கேக்கணும்னு ஒவ்வொரு நாளும் நினைப்பேன்."

"கேட்டிருக்கலாமேம்மா?"

"பயமா இருந்துச்சு."

மேசைக்கு எதிரில் தினமும் அவர் வாங்கிச் சேர்த்த ஆமாக்கள் எதனால் ஆனவை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"காட்டு" என்றார்.

அவள் திறந்து அந்த வரியைக் காட்டினாள். மேலே படித்தார், கீழே படித்தார், இரண்டு பக்கம் தள்ளிப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எனக்கும் புரியலம்மா" என்றார்.

மருமகள் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, திரை அவருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.